இனப்படுகொலையை நிறுவுவது எங்ஙனம்?

கொலை என்னும் சொல் எல்லா மொழிகளிலும் தொன்றுதொட்டு வழங்கி வருகின்றது. ஆனால், ஒரு மக்கட் கூட்டத்தையே இல்லாதொழிக்கும் கொடுஞ்செயலுக்குச் சட்டத்திலே தனிப்பெயர் எதுவும் 1944ஆம் ஆண்டு வரை இருக்கவில்லை. அவ்வாண்டிலே, போலந்து நாட்டுச் சட்ட அறிஞரான இராபேல் லெம்கின் என்பவர், கிரேக்கச் சொல்லொன்றோடு இலத்தீன் சொல்லொன்றை இணைத்து அதற்கு ஒரு பெயரை ஆக்கினார். அவர் யூத குலத்தவர். அவருடைய பெற்றோரும் உறவினர் பலரும் நாஜிகளின் கொலைவெறிக்கு இரையாகினர். அவர் ஆக்கிய அப்பெயரையே தமிழிலே இனப்படுகொலை என வழங்குகின்றனர்.

இன்று அச்சொல் செய்திகளிலே நாள்தோறும் ஒலிக்கின்றது. உற்றாரைப் பறிகொடுத்தவர்கள் தங்கள் துயரத்தின் பெருமையைச் சொல்லுதற்கு அதைவிடச் சிறிய சொல்லொன்றை ஏற்க மனங்கொள்வதில்லை. ஆனால், அதே சொல் நீதிமன்றத்தின் வாயிலைத் தாண்டி உள்ளே சென்றவுடன் அதன் பொருள் குறுகிவிடுகின்றது. மடிந்தவர் எத்தனை பேர் என்பது மட்டும் அங்கே வினாவன்று. கொன்றவர் மனத்திலே என்ன இருந்தது என்பதே முதல் வினா. இந்த ஒரு வினாவிலேதான் சர்வதேசக் குற்றவியற் சட்டத்தின் வலிமையும் உண்டு, அதன் இடர்ப்பாடும் உண்டு.

ஆட்சியில் உள்ளவர்களும் நீதிக்கு விடைகூறக் கடமைப்பட்டவர்கள் என்ற கொள்கை தமிழருக்குப் புதியதன்று. பாண்டியன் அவையிலே தனியொரு பெண்ணாக நின்று வழக்குரைத்த கண்ணகி, தன் கண்ணீரை மட்டும் சான்றாகக் காட்டவில்லை. சிலம்பை உடைத்து உள்ளிருந்த மாணிக்கத்தைக் காட்டினாள். அரசனுடைய முடிவு பிழை என்பதைச் சான்றே நிறுவியது. இக்காலத்துச் சர்வதேச நியாயசபைகளின் வேலையும் அத்தகையதே. அங்கும் துயரம் வழக்கைத் தொடக்கி வைக்கும். ஆயினும் சான்றுதான் அதனை முடித்து வைக்கும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், 1945ஆம் ஆண்டு நவம்பர் மாதம் முதல் 1946ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் வரை, யேர்மனியின் நூரம்பேர்க் நகரத்திலே நாஜித் தலைவர்கள் விசாரிக்கப்பட்டனர். “மேலிடத்துக் கட்டளையை நிறைவேற்றினேன்” என்று கூறித் தப்பிக்கொள்ள முடியாது என்பதை அவ்விசாரணை உலகுக்கு உணர்த்தியது. எனினும், லெம்கினுடைய சொல் அங்கே குற்றப்பத்திரத்திலே இடம்பெற்றதேயன்றித் தீர்ப்பிலே இடம்பெறவில்லை. அக்குறையை நீக்கும் பொருட்டு, ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 1948ஆம் ஆண்டு டிசெம்பர் 9ஆம் நாள் இனப்படுகொலைக் குற்றத்தைத் தடுத்தற்கும் தண்டித்தற்குமான சமவாயத்தை ஏற்றுக்கொண்டது. அது 1951ஆம் ஆண்டு யனவரி மாதம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னரே, 1950ஆம் ஆண்டில், இலங்கை அதனோடு இணைந்துவிட்டது.

இச்சமவாயம் ஐந்து செயல்களைக் குறிப்பிடுகின்றது. ஒரு கூட்டத்தினரைக் கொல்லுதல்; அவர்களுக்கு உடலிலோ உள்ளத்திலோ கடுமையான ஊறு விளைத்தல்; அழிவுக்கு இட்டுச்செல்லும் வாழ்க்கை நிலைமைகளை அவர்கள் மீது வேண்டுமென்றே சுமத்துதல்; அவர்களிடையே பிறப்பைத் தடுத்தல்; அவர்களுடைய பிள்ளைகளைப் பலவந்தமாக வேறு கூட்டத்தாரிடம் ஒப்படைத்தல் என்பன அவை. ஆனால், இவற்றுள் ஒன்று நிகழ்ந்த அளவிலே குற்றம் முழுமை பெறுவதில்லை. தேசத்தாலோ இனத்தாலோ குலத்தாலோ சமயத்தாலோ அமைந்த ஒரு கூட்டத்தை, அக்கூட்டமாய் இருப்பதன் பொருட்டே, முற்றாகவோ பகுதியாகவோ அழிக்கும் உட்கருத்துடன் அது செய்யப்பட்டிருத்தல் வேண்டும்.

ஏனைய இரு பெருங்குற்றங்களிலிருந்து இனப்படுகொலையைப் பிரித்து நிறுத்துவது இந்த உட்கருத்தே. சரணடைந்த போர்வீரனைச் சுடுதலும், பொதுமக்களைக் குறிவைத்துத் தாக்குதலும் போர்க்குற்றங்கள். பொதுமக்கள் மீது பரந்த அளவிலோ திட்டமிட்ட முறையிலோ தாக்குதல் நடத்தி, அதன் பகுதியாகக் கொலை, சித்திரவதை, நாடுகடத்தல் முதலியன புரிதல் மானிட குலத்துக்கு எதிரான குற்றம். தாக்கப்பட்ட கூட்டம் உலகிலே இல்லாதொழிய வேண்டும் என்னும் நோக்கம் அச்செயல்களோடு சேர்ந்துவிட்டால், அது இனப்படுகொலையாகின்றது.

இவ்வேறுபாடு எத்துணை நுட்பமானது என்பதற்குக் கம்போடியா ஓர் எடுத்துக்காட்டு. 1975ஆம் ஆண்டு முதல் 1979ஆம் ஆண்டு வரை கெமர் ரூஜ் ஆட்சியிலே 15 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பட்டினியாலும் நோயாலும் கொலையாலும் மாண்டனர். 2018ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அங்குள்ள சிறப்பு நீதிமன்றம் அவ்வாட்சியின் தலைவர்கள் இருவரை இனப்படுகொலைக் குற்றவாளிகளெனக் கண்டது. ஆயினும் அத்தீர்ப்பு வியட்நாமிய மக்களையும் சாம் முஸ்லிம்களையும் பற்றியது. மாண்டோரிற் பெரும்பாலோர் கெமர் இனத்தவர். அவர்களைக் கொன்றோரும் கெமர் இனத்தவரே. ஆகையால் அம்மரணங்கள் சட்டத்தின் கண்ணில் மானிட குலத்துக்கு எதிரான குற்றங்களாயின. அரசியற் கொள்கை காரணமாக அழிக்கப்படும் கூட்டம் சமவாயத்தின் நால்வகைக் கூட்டங்களுள் அடங்குவதில்லை.

இனி, பிறர் உள்ளத்தில் மறைந்துள்ள உட்கருத்தை நீதிபதிகள் எங்ஙனம் அறிவர்? சில வழக்குகளிலே குற்றவாளிகளின் வாய்மொழியே அதனை வெளிப்படுத்திவிடும். உருவண்டா நாட்டிலே 1994ஆம் ஆண்டு ஏறத்தாழ நூறு நாள்களுக்குள், பெரும்பாலும் துட்சி இனத்தவரான, ஏறக்குறைய 8 இலட்சம் பேர் கொல்லப்பட்டனர். அங்கே தனியார் வானொலி நிலையமொன்று துட்சிகளைக் கரப்பான்பூச்சிகள் என்று இழித்துரைத்து, கொலையாளிகளைத் தூண்டிவிட்டது. அந்நிலையத்தை நிறுவியவர்களுள் சிலரும் பின்னர் நியாயசபையிலே தண்டிக்கப்பட்டனர். தபா என்னும் ஊரின் நகரத் தலைவராயிருந்த அக்காயேசு என்பவருக்கு எதிராக 1998ஆம் ஆண்டு செத்தெம்பர் 2ஆம் நாள் வழங்கப்பட்ட தீர்ப்பே, சர்வதேச நியாயசபையொன்று இனப்படுகொலைக் குற்றத்துக்காக வழங்கிய முதலாவது தீர்ப்பாகும். பெண்கள் மீது இழைக்கப்பட்ட பாலியல் வன்முறையும் ஓரினத்தை அழிக்கும் கருவியாகலாம் என்று அத்தீர்ப்பு உரைத்தது.

ஆனால், எல்லாக் கொலைகாரரும் தங்கள் நோக்கத்தை வானொலியிலே பறைசாற்றுவதில்லை. எழுத்தில் கட்டளை இராது, கூட்டங்களுக்குக் குறிப்பு இராது, இருந்தவையும் எரிக்கப்பட்டிருக்கும். அத்தகைய வழக்குகளிலே செயல்களைக் கொண்டுதான் எண்ணத்தை உய்த்துணர வேண்டும். இதனை விளக்குதற்குப் பொஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிக்கா வழக்கைக் காட்டிலும் சிறந்ததொன்று இல்லை.

ஸ்ரெப்ரெனிக்கா கிழக்குப் பொஸ்னியாவிலே மலைகளுக்கிடையே அமைந்த சிற்றூர். 1992ஆம் ஆண்டு போர் மூண்டபோது சுற்றுப்புற ஊர்களின் முஸ்லிம்கள் அங்கே அடைக்கலம் புகுந்தனர். 1993ஆம் ஆண்டு ஏப்பிரில் 16ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை அதனைப் பாதுகாப்பு வலயமென அறிவித்தது. ஒல்லாந்துப் படைவீரர் சிலர் காவலுக்கு நிறுத்தப்பட்டனர். ஆயினும், 1995ஆம் ஆண்டு யூலை 11ஆம் நாள், ஜெனரல் மிலாடிச் தலைமையில் வந்த பொஸ்னிய சேர்பியப் படை ஊரைக் கைப்பற்றியது. பெண்களும் சிறுவர்களும் முதியோரும் பஸ் வண்டிகளில் ஏற்றி அனுப்பப்பட்டனர். ஆண்கள் வேறாகப் பிரிக்கப்பட்டனர். காட்டு வழியே தப்பியோடியவர்களுள் பலரும் பிடிபட்டனர். அடுத்த சில நாள்களுக்குள் 7,000க்கும் 8,000க்கும் இடைப்பட்ட ஆண்களும் பையன்களும் பாடசாலைகளிலும் பண்டகசாலைகளிலும் அடைத்து வைக்கப்பட்டு, பின்னர் வயல்வெளிகளிலே சுட்டுக் கொல்லப்பட்டனர்.

இவையனைத்தும் எங்ஙனம் வெளியாயின? ஆகாயத்திலிருந்து எடுக்கப்பட்ட படங்களிலே புதிதாகக் கிளறப்பட்ட மண் தெரிந்தது. கொலைத் தொழிலிலே தானும் பங்குகொண்ட எர்தெமோவிச் என்னும் போர்வீரர் 1996ஆம் ஆண்டு தம் குற்றத்தை ஒப்புக்கொண்டு, பிரானியெவோ என்ற பண்ணையிலே ஒரே நாளில் ஏறத்தாழ 1,200 பேர் சுடப்பட்டதாகச் சாட்சி கூறினார். புலனாய்வாளர் அவ்விடத்தைத் தோண்டியபோது, கைகள் பின்புறமாகக் கட்டப்பட்டு, கண்கள் துணியால் மூடப்பட்ட உடல்களைக் கண்டனர். போரிலே மடிந்தவனுக்குக் கண் கட்டப்பட்டிராது. ஆகவே, மாண்டவர்கள் சமரிலே விழுந்தவர்கள் என்ற வாதத்தை ஒரு துண்டுத் துணியே பொய்யாக்கிவிட்டது.

குற்றத்தை மறைக்கச் செய்த முயற்சியும் சான்றாயிற்று. 1995ஆம் ஆண்டு இலையுதிர் காலத்திலே கொலையாளிகள் பொறிகளைக் கொண்டு புதைகுழிகளைத் தோண்டி, உடல்களை அள்ளிச் சென்று, தொலைவிலுள்ள வேறு குழிகளிலே கொட்டினர். ஒரே மனிதருடைய எலும்புகள் இரண்டு மூன்று குழிகளிற் சிதறிக் கிடந்தன. ஆயினும், இரு குழிகளிலும் இருந்த மண்ணும், துணியும், தோட்டாக் கோதுகளும் ஒத்திருந்தமையால் எந்தக் குழியிலிருந்து எந்தக் குழிக்கு உடல்கள் கொண்டுசெல்லப்பட்டன என்பதை அறிவியலாளர் காட்டினர். தாய்மாரும் சகோதரரும் கொடுத்த இரத்தத் துளிகளோடு எலும்பின் மரபணுவை ஒப்பிட்டு, 7,000ஐ அண்மிய எண்ணிக்கையினர் பெயரோடு அடையாளம் காணப்பட்டனர்.

கொலை நடந்தது என்பது இவ்வாறு நிறுவப்பட்டது. ஆனால் அது இனப்படுகொலையா? ட்ரீனாப் படைப்பிரிவின் தளபதி கிர்ஸ்டிச் என்பவரின் வழக்கிலே இவ்வினா எழுந்தது. “பெண்களையும் சிறுவர்களையும் கொல்லாது அனுப்பிவிட்டனரே, இனத்தை அழிப்பது நோக்கமாயின் அவர்களை ஏன் விட்டுவைத்தனர்? பொஸ்னிய முஸ்லிம்கள் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இருக்க, ஒரு சிற்றூரின் ஆண்களைக் கொன்றது எங்ஙனம் இனத்தை அழித்தலாகும்?” என எதிரி தரப்பினர் வாதித்தனர்.

இவ்வாதம் எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று. நீதிபதிகள் அதற்கு விரிவாக விடையளித்தனர். சமவாயம் பகுதியை அழித்தலையும் குறிப்பிடுகின்றது. அப்பகுதி எண்ணிக்கையால் மட்டும் அளக்கப்படுவதில்லை. ஸ்ரெப்ரெனிக்காவிலே ஏறத்தாழ 40,000 முஸ்லிம்கள் இருந்தனர். உலகமே பாதுகாப்பதாக வாக்களித்த இடம் அது. அது வீழ்ந்தால் தங்களுக்கு எங்குமே பாதுகாப்பில்லை என்பதை ஏனைய முஸ்லிம்கள் அனைவரும் உணர்வர். மேலும், போர் செய்ய இயலாத பையன்களும் முதியோரும் கொல்லப்பட்டவர்களுள் இருந்தனர். தந்தையும் கணவனும் மைந்தனும் ஒருங்கே இல்லாதொழிந்து, எஞ்சியோர் ஊரினின்றும் அகற்றப்பட்டபின், அச்சமூகம் அங்கே மீண்டும் தளிர்க்க வழியில்லை. பெண்களைக் கொல்லாது விட்டமைக்கு உலகத்தாரின் பழிச்சொல்லுக்கு அஞ்சியமையே காரணமாயிருக்கலாம். இவையெல்லாவற்றையும் எடைபோட்டு, 2001ஆம் ஆண்டு ஓகஸ்ட் 2ஆம் நாள் நியாயசபை கிர்ஸ்டிச்சுக்கு 46 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

எனினும் வழக்கு அவ்வளவில் முடியவில்லை. 2004ஆம் ஆண்டு ஏப்பிரில் 19ஆம் நாள் மேன்முறையீட்டு மன்றம், ஸ்ரெப்ரெனிக்காவில் நடந்தது இனப்படுகொலையே என உறுதிசெய்தது. ஆனால், அழிக்கும் உட்கருத்து கிர்ஸ்டிச்சுக்கே இருந்தது என்பது ஐயமற நிறுவப்படவில்லை எனவும், பிறருக்கு அந்நோக்கம் இருந்ததை அறிந்தும் தம் படையின் ஆட்களும் பொருள்களும் பயன்படுத்தப்படுவதற்கு இடமளித்தார் எனவும் கண்டு, உடந்தையாயிருந்த குற்றத்துக்கு 35 ஆண்டுகளாகத் தண்டனையைக் குறைத்தது. குற்றம் நடந்தது என்பது வேறு. குறித்த மனிதர் அந்நோக்கத்தைக் கொண்டிருந்தார் என்பது வேறு. நியாயமான ஐயத்துக்கு இடமிருப்பின் அதன் பயன் எதிரிக்கே உரியது என்ற விதி, எவ்வளவு பெரிய குற்றத்துக்கும் பொருந்தும். 2024ஆம் ஆண்டிலே, விடுதலை கோரி எழுதிய கடிதத்தில், இனப்படுகொலைக்குத் தாம் உடந்தையாயிருந்ததைக் கிர்ஸ்டிச் தாமே ஒப்புக்கொண்டார்.

இவ்விதியின் கடுமையை உணர வேண்டுமானால் பொஸ்னியாவின் வேறொரு பகுதியை நோக்குதல் வேண்டும். 1992ஆம் ஆண்டு பிரியெடோர்ப் பகுதியிலே ஒமார்ஸ்கா முதலிய தடுப்பு முகாங்கள் அமைக்கப்பட்டன. அப்பகுதியிலே 3,000க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். கராட்சிச், மிலாடிச் ஆகிய இருவர் மீதும், ஸ்ரெப்ரெனிக்காவுக்காக ஒன்றும், பிரியெடோர் முதலிய பகுதிகளுக்காக ஒன்றுமாக, இரண்டு இனப்படுகொலைக் குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. முதலாவது நிறுவப்பட்டது, இரண்டாவது நிறுவப்படவில்லை. 1992இன் கொடுமைகளுக்காக அவர்கள் மானிட குலத்துக்கு எதிரான குற்றங்களின் கீழ்த் தண்டிக்கப்பட்டனர். கராட்சிச்சுக்கு 2019ஆம் ஆண்டிலும், மிலாடிச்சுக்கு 2021ஆம் ஆண்டிலும் ஆயுட்சிறை இறுதியாயிற்று.

பிரியெடோரின் தாய்மாருக்கு இது ஆறாத மனக்குறை. தம் பிள்ளையின் மரணம் ஒரு படி கீழானதோ என்று அவர்கள் கேட்டால், அக்கேள்வியைச் சட்டநூலைக் காட்டி எளிதில் அடக்கிவிட முடியாது. ஆயினும் ஓர் உண்மையை இங்கே தெளிவுறுத்துதல் வேண்டும். இனப்படுகொலை நிறுவப்படவில்லை என்பது குற்றம் நடக்கவில்லை என்பதன்று. மானிட குலத்துக்கு எதிரான குற்றத்துக்கும் ஆயுட்சிறை உண்டு. பெயர்கள் துயரத்தின் படித்தரங்கள் அல்ல. குற்றவாளியின் நோக்கத்தைப் பிரித்தறியும் அளவுகோல்களேயாம்.

தனிமனிதரை விசாரிப்பது ஒரு வழி. அரசை நீதிமன்றத்துக்கு அழைப்பது மற்றொரு வழி. 1993ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் பொஸ்னியா, ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்திலே அன்றைய யூகோஸ்லாவியா மீது வழக்குத் தொடுத்தது. இனப்படுகொலையைத் தடுக்க இயன்ற அனைத்தையும் செய்யுமாறு ஏப்பிரில் மாதத்திலேயே நீதிமன்றம் இடைக்காலக் கட்டளை பிறப்பித்தது. அவ்வாயத்தில் இலங்கையரான நீதியரசர் வீரமந்திரியும் வீற்றிருந்தார். இத்தகைய இடைக்காலக் கட்டளைகள் வெறும் அறிவுரைகளல்ல, நாடுகளைக் கட்டுப்படுத்துவன என்று அவ்வாண்டு செத்தெம்பரிலே தம் தனித் தீர்ப்புரையில் அவர் வலியுறுத்தினார். 2001ஆம் ஆண்டு வேறொரு வழக்கிலே நீதிமன்றமும் அக்கருத்தையே நிலைநாட்டியது. ஆனால் அதற்கிடையே ஸ்ரெப்ரெனிக்கா வீழ்ந்துவிட்டது.

இறுதித் தீர்ப்பு 2007ஆம் ஆண்டு பெப்புருவரி 26ஆம் நாள் வந்தது. சேர்பிய அரசு தானே இனப்படுகொலை புரிந்தது என்பது நிறுவப்படவில்லை. ஆனால், தடுக்க வேண்டிய கடமையிலும் தண்டிக்க வேண்டிய கடமையிலும் அது தவறியது என நீதிமன்றம் கண்டது. செயல்களிலிருந்து உட்கருத்தை ஊகிப்பதாயின், வேறெந்த விளக்கத்துக்கும் இடமின்றி அந்த ஓர் உட்கருத்தையே அச்செயல்கள் சுட்ட வேண்டும் என்ற கடுமையான அளவையும் அது கையாண்டது.

இவ்வளவை பின்வந்த வழக்குகளிலும் விவாதப் பொருளாயிற்று. றோஹிங்கியா மக்களின் பொருட்டு 2019ஆம் ஆண்டு நவம்பரிலே மியன்மார் மீது காம்பியா என்னும் ஆபிரிக்க நாடு வழக்குத் தொடுத்தது. தனக்கு நேரடியான பாதிப்பில்லாத நாடும், சமவாயத்தில் இணைந்த காரணத்தாலேயே வழக்குத் தொடரலாம் என்று 2022ஆம் ஆண்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 2023ஆம் ஆண்டு அவ்வழக்கிலே தலையிட்ட பிரித்தானியா, பிரான்ஸ், யேர்மனி முதலிய நாடுகள், அளவை நிறைவேற்ற இயலாத அளவுக்கு இறுகிவிடலாகாது என வேண்டின. அவ்வாண்டு டிசெம்பரிலே காஸா தொடர்பாகத் தென்னாபிரிக்கா இஸ்ரவேல் மீது தொடுத்த வழக்கிலும், 2024ஆம் ஆண்டு யனவரி 26ஆம் நாள் இடைக்காலக் கட்டளை பிறந்தது. இடைக்காலக் கட்டளை குற்றத்தீர்ப்பன்று என்பதை இவற்றைக் கேட்போர் மறத்தலாகாது. அளவை தளர்ந்தால் சொல் மலிந்துவிடும் என்பர் ஒரு சாரார். இறுகினால் சட்டம் ஏட்டளவில் நின்றுவிடும் என்பர் மற்றொரு சாரார். இரு கூற்றிலும் உண்மை உண்டு.

சான்று திரட்டிய பின்னரும் ஓர் இடர் எஞ்சுகின்றது. சர்வதேச நீதிமன்றங்களுக்குப் பொலிஸ் படை இல்லை. 1995ஆம் ஆண்டு குற்றஞ்சாட்டப்பட்ட கராட்சிச் 2008 வரையும், மிலாடிச் 2011 வரையும் பிடிபடவில்லை. யூகோஸ்லாவியாவின் முன்னாள் சனாதிபதி மிலோசெவிச் தீர்ப்புக்கு முன்னரே 2006ஆம் ஆண்டு சிறையில் மரணமானார். 2002ஆம் ஆண்டு தொடங்கிய சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம், தார்பூர்க் கொடுமைகளுக்காகச் சூடான் சனாதிபதி பஷீருக்கு 2009ஆம் ஆண்டிலும் 2010ஆம் ஆண்டிலும் பிடியாணை பிறப்பித்தது. அவரோ 2015ஆம் ஆண்டு தென்னாபிரிக்கா சென்று தடையின்றித் திரும்பினார். ஆயினும் காலம் எப்பொழுதும் குற்றவாளியின் பக்கமே நிற்பதில்லை. யூகோஸ்லாவியாவுக்கான நியாயசபை 161 பேர் மீது குற்றஞ்சாட்டியது. 2017ஆம் ஆண்டு அது மூடப்பட்டபோது அவர்களுள் எவரும் தலைமறைவாக எஞ்சியிருக்கவில்லை.

ஸ்ரெப்ரெனிக்காவில் நடந்தது இனப்படுகொலையன்று என மறுப்போர் இன்னும் உளர். 2024ஆம் ஆண்டு மே மாதம் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை யூலை 11ஆம் நாளை அதன் நினைவு நாளாக அறிவித்தபோதும் எதிர்ப்பு எழுந்தது. மறுப்போருக்கு விடையாக நிற்பவை ஆவேசமான உரைகளல்ல. கட்டப்பட்ட கைகளும், ஒத்துப்போன மண்ணும், சாட்சிக் கூண்டில் நின்றோரின் வாக்குமூலங்களும், அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்ந்த தீர்ப்புகளுமேயாம். கடுமையான அளவையால் தாய்மார் பலர் மனம் நொந்தனர். ஆனால், அந்த அளவையைத் தாண்டி வந்த உண்மை, பிறரால் எளிதில் தள்ளிவிட முடியாத உண்மையாயிற்று. ஆதலால், கொடுமை நிகழும் இடத்திலே பெயரையும் நாளையும் இடத்தையும் குறித்து வைப்பவரும், புதைகுழியைக் கலையாது காப்பவரும், அஞ்சாது சாட்சி கூறுபவரும் நீதிபதிக்கு முன்னரே நீதியின் பணியைத் தொடங்கிவிடுகின்றனர்.